நிலம் துண்டாகுமுன் தாள் நடக்கிறது

(மலாக்கா மாநிலத் தோட்டத் தொழிலாளர், கிராணிமார் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது சம்பளம் அல்ல, போனஸ் அல்ல. நிலத்தைத் துண்டு போடும் விஷயம். "நிலம் முதலாளிக்குச் சொந்தம். அவர் அதை மொத்தமாக வைத்துக்கொண்டால் என்ன, துண்டு துண்டாக விற்றால் என்ன? நமக்கு வெட்டுவதற்கு மரம் இருந்தால் போதாதா?" என்று கேட்பவர்கள் நம்மிடையே உண்டு. அவர்களுக்குப் பதில் சொல்லத்தான் இந்தப் பேச்சு. நிலம் துண்டாகும்போது நம் வேலையும், நாம் குடியிருக்கும் லயமும், பிள்ளைகள் படிக்கும் பள்ளியும், கும்பிடும் கோயிலும் அதோடு சேர்ந்தே துண்டாகின்றன. இது நாம் கற்பனை செய்து சொல்வதல்ல, நம் தாத்தா பாட்டிமார் கண்ணால் கண்ட சரித்திரம்.

இந்த நாட்டில் ரப்பரை வாணிபப் பயிராக முதலில் நட்டது நம்முடைய மலாக்கா மண்ணில்தான். 1896இல் புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் என்பவர் நட்டார். அதற்குப் பிறகு வெள்ளைக்காரக் கம்பெனிகள் வந்தன, காடுகள் தோட்டங்களாயின, நம்மவர்கள் கப்பலேறி வந்தார்கள். ஐம்பது அறுபது ஆண்டுகள் இப்படியே ஓடின. பின்பு 1950களில் காற்று மாறியது. நாட்டில் அவசரகாலச் சட்டம் நடந்துகொண்டிருந்தது. சுதந்திரம் வரப்போகிறது என்ற பேச்சு எழுந்தது. கொரிய யுத்தத்தை ஒட்டி ரப்பர் விலை ஏறியதால் தோட்டங்களுக்கு நல்ல விலையும் கிடைத்தது. வெள்ளைக்கார முதலாளிகள் பலர் விற்றுவிட்டுப் போகத் துணிந்தார்கள். வாங்கியவர்களில் பலர் தோட்டம் நடத்த வந்தவர்கள் அல்லர். ஆயிரம் ஏக்கரை மொத்த விலைக்கு வாங்கி, ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் என்று கூறுபோட்டுச் சில்லறை விலைக்கு விற்று லாபம் பார்க்க வந்தவர்கள். இதற்கு நம்மவர்கள் வைத்த பெயர்தான் தோட்டத் துண்டாடல்.

துண்டாடப்பட்ட தோட்டத்தில் என்ன நடந்தது? நூறு ஏக்கரும் அதற்கு மேலும் இருந்தால்தான் இந்நாட்டுக் கணக்கில் அது தோட்டம். அதற்குக் குறைந்தால் சிறு தோட்டக்காரர் நிலம். பத்து ஏக்கர் வாங்கியவர் தாமும் தம் குடும்பமும் மரம் வெட்டிக்கொண்டார், இல்லாவிட்டால் இரண்டு பேரைக் குத்தகைக்கு வைத்துக்கொண்டார். அவருக்கு லயம் கட்டிக்கொடுக்கும் எண்ணமும் இல்லை, ஆஸ்பத்திரி நடத்தும் சக்தியும் இல்லை, பள்ளிக்கூடத்தைத் தாங்கும் கடமையும் இல்லை. அதிகாலையில் பெரட்டுக்குப் போன தொழிலாளி, பெயர் கூப்பிட ஆள் இல்லாமல் நின்றான். கிராணியின் கதியும் அதேதான். தோட்டமே இல்லாத இடத்தில் செக்ரோல் எழுத யார் வேண்டும்?

இந்தக் கொடுமையின் அளவைக் கண்டறிய அரசாங்கமே ஆய்வு செய்யச் சொல்ல வேண்டி வந்தது. 1951 முதல் 1960 வரை மலாயாவில் தோட்டங்கள் எப்படித் துண்டாடப்பட்டன என்பதைப் பேராசிரியர் உங்கு அசிஸ் ஆராய்ந்தார். அவருடைய அறிக்கையை மலாயாப் பல்கலைக்கழகப் பொருளாதாரத் துறை 1962இல் வெளியிட்டது. அதற்குள்ளாகவே, 1960இல், துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிவிட்டார்கள். "விற்பவன் விற்கட்டும், வாங்குபவர்கள் நாமாக இருப்போம்" என்பதே அதன் சாரம். தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்கு சேர்த்தார்கள். கெடா மாநிலத்தில் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது, பிறகு மற்றத் தோட்டங்களும் சேர்ந்தன. பால்வாளி தூக்கிய கைகள் தோட்டத்தையே வாங்க முடியும் என்பதை அந்தத் தலைமுறை காட்டியது.

தோழர்களே! அன்றைக்கும் இன்றைக்கும் ஒரு பெரிய வேற்றுமை இருக்கிறது. அந்த நாளில் தோட்டம் விலையாகிறது என்பது, முன்பின் தெரியாத ஆட்கள் சங்கிலி பிடித்து அளக்க வரும்போதுதான் நம்மவர்களுக்குத் தெரிந்தது. இன்றைக்குத் தேசிய நிலச் சட்டம் இருக்கிறது. அது 1966 ஜனவரி முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. 1976ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டமும் இருக்கிறது. இந்தச் சட்டங்களின்படி நிலத்தில் கத்தி விழுவதற்கு முன் தாள் நடந்தாக வேண்டும். அந்தத் தாள் எந்தெந்த வாசலில் நுழைந்து வெளியே வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால், கடைசி நாளில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கும் நிலைமை நமக்கு வராது.

முதல் வாசல், தோட்ட நில வாரியம். தேசிய நிலச் சட்டத்தில் 214ஏ என்று ஒரு பிரிவு உண்டு. ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் விவசாய நிலம் 40 ஹெக்டருக்குக் குறையாமல் இருந்தால் அது தோட்ட நிலம். நம் பழைய நூறு ஏக்கர் கணக்குத்தான் இது. தோட்ட நில வாரியத்தின் அனுமதியை முன்கூட்டியே பெறாமல் அத்தகைய நிலத்தை விற்கவோ கைமாற்றவோ கூடாது. தோட்டத் துண்டாடலில் நம்மவர்கள் சிந்திய கண்ணீர்தான் இப்படி ஒரு பிரிவாகச் சட்டப் புத்தகத்தில் ஏறியிருக்கிறது. அதை நாம் மறந்துவிடக் கூடாது.

இரண்டாவது வாசல், ஊராட்சி மன்றம். மலாக்காவில் இத்தகைய மன்றங்கள் நான்கு: மலாக்கா வரலாற்று மாநகர் மன்றம், ஹங் துவா ஜெயா நகராண்மைக் கழகம், அலோர் காஜா நகராண்மைக் கழகம், ஜாசின் நகராண்மைக் கழகம். திட்டமிடல் சட்டத்தில் 'மேம்பாடு' என்ற சொல்லுக்குக் கட்டடம் கட்டுவது மட்டும் பொருளல்ல. நிலத்தைப் பிரிப்பதும், பிரிந்த நிலங்களை ஒன்றாக்குவதும் மேம்பாடுதான். ஆகவே நிலத்தைப் பிரிக்க விரும்புபவர் மன்றத்திடம் திட்ட அனுமதி பெற வேண்டும். 'கெபெனாரான் மெராஞ்சாங்' என்று மலாயில் சொல்வது இதைத்தான்.

மூன்றாவது வாசல், நில அலுவலகம். மலாக்கா தெங்கா, அலோர் காஜா, ஜாசின் ஆகிய மூன்று மாவட்டங்களிலும் இது இருக்கிறது. ஒருவர் தம் நிலத்தைத் துண்டுகளாகப் பிரிக்க 9ஏ என்ற பாரத்தில் மனுச் செய்ய வேண்டும். பல பேர் கூட்டாக வைத்திருக்கும் நிலத்தை ஆளுக்கொரு கிராண்டாகப் பிரித்துக்கொள்ள 9பி என்ற பாரம். மனுவோடு பிரிவினைப் படத்தையும் கட்டணத்தையும் கொடுக்க வேண்டும். நிலவரி பாக்கி இருக்கக் கூடாது. நிலம் பாங்கில் அடமானத்தில் இருந்தால் பாங்கின் சம்மதம் எழுத்தில் வேண்டும். பிரியும் ஒவ்வொரு துண்டுக்கும் சாலைக்கோ, ஆற்றுக்கோ, கடற்கரைக்கோ, இரயில் நிலையத்துக்கோ போய்ச்சேர வழி இருக்க வேண்டும். விவசாய நிலமானால் எந்தத் துண்டும் ஐந்தில் இரண்டு பங்கு ஹெக்டருக்குக் குறையக் கூடாது. அதாவது ஏறக்குறைய ஓர் ஏக்கர். இந்தக் கடைசி விதியை மனதில் பதித்துக்கொள்ளுங்கள், சற்று நேரத்தில் மறுபடியும் இதற்கு வருவோம்.

இவ்வளவு வாசல் இருக்கிறதே, பிறகு நமக்கென்ன கவலை என்று நினைத்துவிடாதீர்கள். இந்த வாசல்களில் யாரைக் கேட்கிறார்கள் என்று பாருங்கள். நிலச் சொந்தக்காரரைக் கேட்கிறார்கள். பாங்கைக் கேட்கிறார்கள். உள்ளூர்த் திட்டம் இல்லாத இடமாக இருந்தால், பக்கத்து நிலத்தின் பதிவு பெற்ற சொந்தக்காரருக்குத் தெரிவித்து, ஆட்சேபம் சொல்ல 21 நாள் தவணை கொடுக்கிறார்கள். முப்பது வருஷம் அதே நிலத்தில் பால்மரம் வெட்டியவனை யாரும் கேட்பதில்லை. லயத்தில் குடியிருப்பவன் பெயரில் கிராண்ட் இல்லை, ஆகையால் அவன் பெயருக்குக் கடிதம் வராது. கோயில் கமிட்டிக்கும் வராது. பள்ளிக்கூட நிலம் தோட்டத்தின் பெயரிலேயே இருந்தால் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கும் வராது.

கடிதம் வராத நாம் என்ன செய்யலாம்? நாமே போய்க் கேட்கலாம். நில அலுவலகத்தில் உரிய கட்டணம் செலுத்தினால் ஒரு நிலம் யார் பெயரில் இருக்கிறது, அடமானம் உண்டா, தடை உண்டா என்று பதிவேட்டில் தேடிப் பார்க்க முடியும். சங்கக் கிளை இதைச் செய்யலாம். ஊராட்சி மன்றம் உள்ளூர்த் திட்டத்தின் நகலைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கும்போது ஆட்சேபமும் யோசனையும் சொல்ல நான்கு வாரத்துக்குக் குறையாமல் தவணை உண்டு. அங்கே கிராண்ட் உள்ளவர்தான் பேசலாம் என்ற கட்டுப்பாடு இல்லை. நம் தோட்டம் அந்தத் திட்டப் படத்தில் என்ன நிறத்தில் இருக்கிறது என்று பாருங்கள். விவசாயமாகக் காட்டியிருக்கிறார்களா, குடியிருப்பாகக் காட்டியிருக்கிறார்களா, தொழிற்பேட்டையாகக் காட்டியிருக்கிறார்களா? பத்து வருஷம் கழித்து வரப்போகும் புல்டோசர் இன்றைக்கே அந்தப் படத்தில் ஒரு நிறமாக நின்றுகொண்டிருக்கிறது.

பள்ளியையும் கோயிலையும் பற்றி இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். நிலப் பிரிவினைப் படம் வரையும்போது பள்ளிக்கு ஒரு தனி லோட், கோயிலுக்கு ஒரு தனி லோட், இடுகாட்டுக்கு ஒரு தனி லோட் என்று காட்டிவிட்டால் பின்னால் வழக்கு இல்லை, வம்பு இல்லை. அந்தச் சமயத்தில் விட்டுவிட்டால், நம் தாத்தா கட்டிய கோயில் புது முதலாளியின் லோட்டுக்குள் போய்விடும். அதன் பிறகு எவ்வளவு பேர் கூடிக் கோஷம் போட்டாலும், நாம் அடுத்தவர் நிலத்தில் நிற்பவர்களாகத்தான் சட்டத்தின் முன் தெரிவோம். படம் பென்சிலில் இருக்கும்போது ஒரு கோட்டை மாற்றுவது எளிது. கல் நட்டு கிராண்ட் வந்த பிறகு அதே கோட்டை மாற்ற வக்கீலும் கோர்ட்டும் வேண்டும்.

வேலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. தோட்டம் கைமாறும்போது புது முதலாளி ஏழு நாளுக்குள், பழைய நிபந்தனைகளுக்குக் குறையாமல் வேலை தருவதாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நம் வேலை முடிந்ததாகவே கருதப்பட்டு, பழைய முதலாளி நட்ட ஈடு கொடுக்க வேண்டும். 1980ஆம் ஆண்டின் வேலை நிறுத்தல், ஆட்குறைப்பு நட்ட ஈட்டு விதிகள் இப்படித்தான் சொல்கின்றன. இரண்டு வருஷத்துக்குக் குறைந்த சேவைக்கு வருஷத்துக்குப் 10 நாள் சம்பளம், இரண்டிலிருந்து ஐந்து வருஷத்துக்குள்ளானால் 15 நாள், ஐந்தும் அதற்கு மேலுமானால் 20 நாள் என்பது குறைந்தபட்ச அளவு. ஆகவே சம்பளச் சீட்டுகளைக் குப்பையில் போடாதீர்கள். எத்தனை வருஷம் வேலை செய்தோம் என்பதற்கு அவைதான் சாட்சி.

இதுவரை மற்றவர்கள் நிலத்தைத் துண்டு போடுவதைப் பற்றிப் பேசினோம். இனி, துண்டு நிலத்தை நம் தலையிலேயே கட்டும் வியாபாரத்துக்கு வருவோம். இது அதைவிட ஆபத்தானது. ஏனென்றால் இதில் போவது நம் சொந்தப் பணம்.

தொழிலாளிக்கு 55 வயதாகிறது. ஊழியர் சேமநிதிப் பணம் கைக்கு வருகிறது. ஆயுள் முழுவதும் லயத்தில் கிடந்தவனுக்கு, சாவதற்கு முன் சொந்தமாக ஒரு வீட்டு மனை வேண்டும் என்ற ஆசை இருக்காதா? அந்த ஆசையின் வாசனையை மோப்பம் பிடித்துக்கொண்டு ஒருவர் காரில் வந்து இறங்குகிறார். "அண்ணே, ஜாசின் பக்கத்தில் நல்ல இடம். ஐயாயிரம் சதுர அடி. டவுனுக்குப் பக்கம். முன்பணம் கட்டுங்கள், கிராண்ட் பின்னால் தனித்தனியாக வந்துவிடும்" என்கிறார். படம் காட்டுகிறார். படத்தில் சாலை இருக்கிறது, விளக்குக் கம்பம் இருக்கிறது, மாமரம்கூட இருக்கிறது. மலாய்க்காரர்கள் இந்த மாதிரித் துண்டுக்கு 'லோட் லீடி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். விளக்குமாற்று ஈர்க்குச்சி போல ஒல்லி ஒல்லியாய்க் கிழித்த நிலம் என்று அர்த்தம்.

இப்போது அந்த ஏக்கர் விதிக்கு வருவோம். கணக்கை நம் கிராணிமாரே போட்டுப் பார்க்கலாம். ஓர் ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. பத்து ஏக்கர் நிலம் என்றால் 4,35,600 சதுர அடி. ஐயாயிரம் அடியாகக் கிழித்தால் சாலைக்கு ஒரு சாண்கூட விடாமல் 87 மனை வரும். 80 பேரிடம் பணம் வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆனால் அந்த நிலம் விவசாய நிலமாகவே இருக்குமானால், ஒரு துண்டு ஐந்தில் இரண்டு பங்கு ஹெக்டருக்குக் குறையக் கூடாது என்ற விதிப்படி, பத்து ஏக்கருக்கு மிஞ்சிப்போனால் பத்து கிராண்ட். சாலைக்கு இடம் விட்டால் அதுவும் குறையும். 80 பேர் பணம் கட்டினார்கள், பத்துக் கிராண்டுதான் வரும். மீதி 70 பேர் யாரிடம் போய் நிற்பது?

"நிலத்தைக் கட்டட நிலமாக மாற்றிக்கொள்ளலாமே" என்று விற்பவர் சொல்வார். மாற்றலாம், உண்மைதான். சட்டத்தில் வழி உண்டு. ஆனால் அதற்கு நில வகையை மாற்றும் மனு வேண்டும், அரசாங்கத்துக்குப் பிரீமியம் கட்ட வேண்டும், ஊராட்சி மன்றத்தின் திட்ட அனுமதி வேண்டும். சாலை, கால்வாய், தண்ணீர், மின்சாரம் எல்லாம் படத்தில் வந்து பிறகு தரையிலும் வர வேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகுதான் சின்ன மனையாகப் பிரித்துத் தனிக் கிராண்ட் கேட்க முடியும். இந்தச் செலவெல்லாம் யார் தலையில்? விற்பவர் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் அது இருக்கிறதா? வாயால் சொன்னதை நில அலுவலகத்தின் கவுண்டரில் கொண்டுபோய் நீட்ட முடியுமா?

மலாக்காவில் இன்னும் ஒரு சங்கதி. இங்கே மலாக்கா வழக்க நிலம் என்று ஒன்று உண்டு, எம்.சி.எல். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அது மலாய்க்காரரல்லாதார் பெயருக்கு மாறாது என்பது பொது விதி. விலை மலிவாக இருக்கிறதே என்று ஆசைப்பட்டுக் கை வைக்கும் முன், அது எந்த வகை நிலம் என்று பதிவேட்டில் பார்த்தாக வேண்டும்.

ஆகையால், நிலம் வாங்கப் போகும் ஒவ்வொரு தோழரும் மூன்று கேள்வி கேட்க வேண்டும். முதலாவது: "கிராண்டைக் காட்டுங்கள், இது விவசாய நிலமா, கட்டட நிலமா?" இரண்டாவது: "திட்ட அனுமதிக் கடிதம் எங்கே, எந்த மன்றம் கொடுத்தது, அது இன்னும் செல்லுமா?" மூன்றாவது: "பிரிவினை மனு நில அலுவலகத்தில் கொடுத்தாகிவிட்டதா, ரசீது எங்கே?" இந்த மூன்றுக்கும் தாள் காட்டாமல், வாயாலேயே பதில் சொல்லுகிறவரிடம் ஒரு காசு கொடுக்காதீர்கள். காட்டினாலும் அந்தத் தாளின் நம்பரை எழுதிக்கொண்டு, அந்த அலுவலகத்துக்கே போய்ச் சரிபார்த்த பிறகு கொடுங்கள். முன்பணம் இன்றைக்கே கட்டாவிட்டால் இடம் போய்விடும் என்று அவசரப்படுத்தினால், போகட்டும் என்று விட்டுவிடுங்கள். நிலம் நடந்து போகிற பொருள் அல்ல.

நம்மில் சிலர் முன்பே நாலைந்து பேராகச் சேர்ந்து, ஒரே கிராண்டில் பெயர் போட்டு நிலம் வாங்கியிருக்கிறோம். அவர்களுக்கும் ஒரு சொல். நாலு பேரும் உயிரோடும் ஒற்றுமையாகவும் இருக்கும்போதே பிரித்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஓர் ஏக்கருக்குக் குறையாமல் வருமானால், எல்லோரும் சேர்ந்து 9பி பாரத்தில் மனுச் செய்யலாம். ஒருவர் காலமாகி அவர் பங்கு ஐந்து பிள்ளைகளுக்கும், பிறகு பேரப்பிள்ளைகளுக்கும் போய்விட்டால், கையெழுத்து வாங்கவே ஊர் ஊராக அலைய வேண்டும். ஒத்துவராவிட்டால் உயர்நீதிமன்றம் வரைக்கும் போக வேண்டும். அப்போது வக்கீல் செலவு நிலத்தில் பாதியைத் தின்றுவிடும்.

கிராணிமார் நண்பர்களே, இந்த இடத்தில் உங்களைப் பார்த்துத்தான் பேசுகிறோம். தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்தார்கள். நம்மவர்களில் பலர் பட்டணத்துப் புறநகருக்குப் போய்விட்டார்கள். ஆனால் நில அலுவலகத்திலிருந்து மலாயில் ஒரு கடிதம் வந்தால், "ஐயா, இதைப் படித்துச் சொல்லுங்கள்" என்று தொழிலாளி இன்றைக்கும் தேடி வருவது கிராணியைத்தான். கடிதத்தைப் படித்துச் சொல்வதோடு நம் கடமை முடிந்துவிடாது. எந்தப் பாரம், எந்தக் கவுண்டர், எத்தனை நாள் தவணை என்பதையும் சொல்லிக்கொடுக்க வேண்டும். நாம் தமிழ்ப் பள்ளியில் படித்து வந்தவர்கள். மலாயில் வந்த ஒரு தாளைத் தமிழில் விளக்கிச் சொல்ல நம்மைவிடப் பொருத்தமானவர் யார்?

ஆகவே இந்தக் கூட்டத்தின் முன் மூன்று யோசனைகளை வைக்கிறோம். ஒவ்வொரு கிளையும் தன் எல்லைக்குட்பட்ட தோட்டங்களின் லோட் எண்களை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்க வேண்டும். வருஷத்துக்கு ஒரு முறையாவது நில அலுவலகத்துக்குப் போய், அந்த நிலங்கள் யார் பெயரில் இருக்கின்றன என்று தேடிப் பார்த்து, கூட்டத்தில் அறிவிக்க வேண்டும். பள்ளி, கோயில், இடுகாடு ஆகியவற்றுக்குத் தனி லோட் உண்டா இல்லையா என்று கணக்கெடுத்து, இல்லாதவற்றுக்கு இப்போதே நிர்வாகத்துக்கும் ஊராட்சி மன்றத்துக்கும் எழுத்து மூலம் மனுக் கொடுக்க வேண்டும். சேமநிதிப் பணம் எடுக்கப்போகும் தோழர் எவரும், நிலத்துக்கு முன்பணம் கட்டுமுன் கிளைக் காரியாலயத்துக்கு ஒரு நடை வந்து தாளைக் காட்டிவிட்டுப் போகட்டும்.

1960இல் பத்து வெள்ளியைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றவர்களுக்குச் சட்டம் தெரியாது. பாரம் நிரப்பவும் பலருக்குத் தெரியாது. ஆனால் தனியாக நின்றால் துண்டாவோம் என்பது தெரிந்திருந்தது. நமக்குச் சட்டப் புத்தகமும் இருக்கிறது, படிக்கத் தெரிந்த கண்ணும் இருக்கிறது. வரும் திங்கட்கிழமை நில அலுவலகம் திறந்திருக்கும். முதல் தேடலுக்கு யார் யார் போவது என்பதை, தேநீருக்குக் கலைந்து போகுமுன் இங்கேயே முடிவு செய்துகொள்வோம்.